பொக்லைன் வாளிக்குக் கீழே என்ன இருக்கிறது, யாருக்குத் தெரியும்?

தெருவைத் தோண்டும்போது கேபிள் அறுந்துவிட்டால் முதலில் திட்டு வாங்குபவர் பொக்லைன் ஓட்டுநர்தான். பார்த்துத் தோண்ட மாட்டீர்களா என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். மண்ணுக்குள் எதைப் பார்ப்பது? அந்த இடத்தில் கேபிள் ஓடுகிறது என்ற தகவல் எங்கேயோ ஓர் அலுவலக அலமாரியில், பழைய வரைபடம் ஒன்றில், இல்லாவிட்டால் ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒரு லைன்மேனின் ஞாபகத்தில் இருக்கிறது. தோண்டுகிறவருக்குத் தெரியாது, தெரிந்தவர் அங்கே இல்லை. இந்த இரண்டு பேரையும் சரியான நேரத்தில் சேர்த்துவைப்பது ஒரு தனித் தொழில்நுட்பமாகவே வளர்ந்திருக்கிறது. கேட்க எளிதாக இருக்கும் இந்த விஷயம் எவ்வளவு சிக்கலானது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு நகரத் தெருவின் அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்சாரப் புதைவடம், எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கேபிள், போட்டி போட்டுக்கொண்டு பதித்த நாலைந்து நிறுவனங்களின் ஃபைபர், தெருவிளக்குக்கும் சிக்னலுக்கும் போகும் ஒயர் என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். இவற்றில் பல பயன்பாட்டில் இல்லாமல் கைவிடப்பட்டவை. அவற்றை யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பதித்தது. பிரிட்டனில் மட்டும் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்களும் கேபிள்களும் புதைந்திருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 முறை தெரியாமல் அவற்றில் அடிபடுவதாகவும் அந்நாட்டு அரசின் மதிப்பீடு சொல்கிறது.

பெரும்பாலான அடிகளால் சில மணி நேரம் இணையம் போகும், தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அவ்வளவுதான். 2011 மார்ச்சில் ஜார்ஜியாவில் ஓர் இடத்தில் ஃபைபர் வெட்டுப்பட்டு, பக்கத்து நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதி பல மணி நேரம் இணையமில்லாமல் கிடந்தது. பழைய செம்பு தேடித் தோண்டியதாகச் சொல்லி 75 வயது மூதாட்டி ஒருவரைப் போலீஸ் பிடித்தது. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தென்கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரலில் நடந்தது அப்படியில்லை. பக்கத்தில் நடந்த ஒரு கட்டுமான வேலையில் துளை போட்டபோது எரிவாயுக் குழாய் உடைந்தது, கசிந்த வாயு சுரங்க ரயிலுக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது, வெடித்தது. 101 பேர் இறந்தார்கள்.

இதைவிட வினோதமான வகை ஒன்று உண்டு. அடிபட்ட அன்று எதுவுமே நடக்காது. வாளியின் பல் இரும்புக் குழாயை ஒரு கீறு கீறும், மேல்பூச்சு உரியும், சுவர் கொஞ்சம் மெலியும். கசிவு இல்லை, சத்தம் இல்லை, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பூச்சு உரிந்த இடத்தில் துரு தன் வேலையைத் தொடங்கும், இல்லாவிட்டால் அழுத்தம் கூடும் ஒரு நாளுக்காகக் கீறல் காத்திருக்கும். பெல்ஜியத்தின் கிலெங்கியனில் 2004 ஜூலை 30 அன்று 24 பேரைப் பலிகொண்ட எரிவாயு வெடிப்பு இந்த ரகம்தான்: கட்டுமான இயந்திரம் குழாயை உரசிச் சில வாரங்கள் கழித்து, குழாயின் அழுத்தத்தைக் கூட்டிய பிறகு அது பிளந்தது. அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் இடைவெளி இன்னும் நீளம். 1994ல் நடந்த ஒரு தோண்டும் வேலையில் பட்ட காயம், 1999 ஜூன் 10 அன்று அழுத்தம் திடீரென எகிறியபோது கிழிந்து, சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடையில் கலந்து தீப்பற்றியது. சிறுவர்கள் இருவரும் ஓர் இளைஞரும் இறந்தார்கள். விசாரணையில் வேறு பல குறைகளும் வெளிவந்தன என்றாலும் தொடக்கம் அந்தப் பழைய கீறல். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘லேசாகத்தான் பட்டது’ என்ற பேச்சைக் கேட்டாலே பதறுவார்கள். குழாய் உடைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், கீறினால் அதைச் சொல்வதற்கு அந்த ஓட்டுநரைத் தவிர ஆளில்லை. சொன்னால் அபராதம், வேலை நிறுத்தம் என்று பயமுறுத்தி வைத்திருந்தால் அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

சரி, இரண்டு தரப்பையும் எப்படிச் சேர்த்துவைப்பது? பல நாடுகளில் இருக்கும் வழி, பொதுவான ஒரே தொடர்பு மையம். தோண்டப்போகிறவர் பத்து நிறுவனங்களுக்குத் தனித்தனியாக அலையாமல் ஒரே இடத்தில் சொன்னால் போதும். அமெரிக்காவில் இதற்காக 811 என்ற எண்ணை 2005ல் ஒதுக்கினார்கள், 2007ல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. மையத்துக்குச் சொந்தமாகக் குழாயும் கிடையாது, கேபிளும் கிடையாது. எந்தப் பகுதியில் எந்த நிறுவனத்தின் சொத்து இருக்கிறது என்ற எல்லைக்கோடுகள் மட்டும் அதனிடம் இருக்கும். வந்த கோரிக்கையின் இடத்தை அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டு, சம்பந்தப்பட்டவர்களுக்கு எல்லாம் தகவல் அனுப்பும். அப்புறம் அந்தந்த நிறுவனத்தின் ஆள் கருவியோடு வந்து தரையில் நிறம் அடித்துவிட்டுப் போவார். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. தோண்டப்போகிறவர் தன் எல்லையை வெள்ளையில் குறித்துவைப்பார். பொதுவாக வேலை தொடங்க இரண்டு மூன்று வேலை நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், இது மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் மௌனம்தான். குறித்த நாள் வந்துவிட்டது, தரையில் நீலம் இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? இங்கே எரிவாயுக் குழாய் இல்லை என்பதா, எரிவாயு நிறுவனத்தின் ஆள் இன்னும் வரவில்லை என்பதா? இரண்டுமே தரையில் ஒரே மாதிரிதான் தெரியும். வாடகைக்கு எடுத்த இயந்திரம் சும்மா நிற்கிறது, மணிக்கணக்கில் காசு போகிறது, கான்ட்ராக்டர் தனக்குச் சாதகமான அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்வார். இதற்கு மருந்தாக வந்ததுதான் கட்டாயப் பதில் முறை. தகவல் போன ஒவ்வொரு நிறுவனமும் ‘குறித்தாயிற்று’ என்றோ ‘எங்கள் சொத்து இங்கே இல்லை’ என்றோ ‘இன்னும் அவகாசம் வேண்டும்’ என்றோ மையத்தில் பதிவு செய்தாக வேண்டும். எல்லாப் பதிலும் வந்த பிறகே தோண்டலாம். மண்ணுக்குள் தேடும் விலை உயர்ந்த ரேடாரைவிட இந்தச் சின்ன நிர்வாக ஏற்பாடு அதிக விபத்துகளைத் தவிர்க்கும் என்பது என் கணிப்பு.

கருவிக்கு வருவோம். உலோகக் குழாயையும் கேபிளையும் தேடுவதற்கு அடிப்படை, பள்ளிக்கூடத்தில் படித்த மின்காந்தவியல். வெளியே தெரியும் வால்விலோ மீட்டரிலோ ஒரு கிளிப்பை மாட்டி, இன்னொரு முனையைத் தரையில் அடித்த கம்பியில் இணைத்து, ஒரு மாறுமின்னோட்டத்தை அனுப்புவார்கள். அது குழாய் வழியே ஓடி மண் வழியே திரும்பி வரும். மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் வளையம் வளையமாக இருக்கும் இல்லையா, அதைத் தரைக்கு மேலே ஒரு கம்பிச்சுருள் பிடித்துக்கொள்ளும், கருவி அதைச் சத்தமாக மாற்றித் தரும். சுருளின் அச்சைத் தரைக்கு இணையாக வைத்தால் குழாய்க்கு நேர் மேலே சத்தம் உச்சத்துக்குப் போகும், செங்குத்தாக வைத்தால் அதே இடத்தில் சத்தம் அடங்கிவிடும்.

அனுபவசாலிகள் இரண்டையும் பார்ப்பார்கள். உச்சம் ஓரிடத்திலும் அடக்கம் ஒரு சாண் தள்ளியும் வந்தால், புலத்தின் வட்டம் கோணலாகியிருக்கிறது, அதாவது பக்கத்தில் வேறொரு உலோகம் அதே மின்னோட்டத்தில் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. புதியவர் உச்சத்தை மட்டும் பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார், கோடு பக்கத்து நிறுவனத்தின் கேபிள் மேல் போய் விழும். ஆழம் குறைந்த பக்கத்துக் கம்பி, குறைந்த மின்னோட்டத்தோடும் ஆழத்தில் இருக்கும் நம் குழாயைவிட உரக்கப் பேசும் என்பதுதான் இதில் பெரிய வஞ்சனை. எந்த அதிர்வெண் என்பதும் முக்கியம். 512 ஹெர்ட்ஸ் போலக் குறைவாக இருந்தால் வெகுதூரம் போகும், அக்கம்பக்கத்துக்கு அதிகம் தாவாது. 33 கிலோஹெர்ட்ஸ், 65 கிலோஹெர்ட்ஸ் என்று ஏறினால் இணைப்பு சரியில்லாத இடத்தையும் தாண்டிப் போகும், ஆனால் வழியில் இருக்கும் எல்லாவற்றிலும் தொற்றிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் குழாயில் இது எதுவுமே பலிக்காது. அதற்காகத்தான் குழாயைப் பதிக்கும்போதே கூடவே ஒரு மெல்லிய செம்புக் கம்பியையும் ஓட விடுகிறார்கள். அது ஓரிடத்தில் அறுந்தாலும் அதற்கு அப்பால் சிக்னல் போகாது, அந்தப் பகுதியில் கருவியைப் பொறுத்தவரை குழாயே இல்லை. தரையைத் துளைக்கும் ரேடார் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். ரேடியோ அலையை உள்ளே அனுப்பி, மண்ணிலிருந்து மாறுபட்ட பொருளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும் கருவி அது. குழாயை நெருங்கி, தாண்டி, விலகிப் போகும்போது திரையில் கவிழ்ந்த வளைவு ஒன்று விழும். உலர்ந்த மணலில் சில மீட்டர் வரை அருமையாக வேலை செய்யும். ஈரமான களிமண்ணில் அலை சீக்கிரமே உறிஞ்சப்பட்டுவிடும், ஒரு மீட்டர் தாண்டுவதே பெரும்பாடு.

ஆகவே தரையில் அடித்த கோடு குழாயின் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் அநேகமாக அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் குழாயின் வெளிவிளிம்பிலிருந்து இருபக்கமும் 18 அல்லது 24 அங்குலத்தை எச்சரிக்கைப் பட்டையாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் கையால், அல்லது உயர் அழுத்தக் காற்றாலோ நீராலோ மண்ணைக் கலைத்து உறிஞ்சி எடுக்கும் வண்டியால் பள்ளம் எடுத்து, குழாயைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். இந்த நம்பகத்தன்மைக்குத் தரவரிசையே உண்டு: பழைய ஆவணம் மட்டும் பார்த்தது கடைசி, மேலே தெரியும் மூடிகளோடு ஒத்துப் பார்த்தது அடுத்தது, கருவியால் தேடியது அதற்கு மேல், தோண்டிக் கண்ணால் கண்டது முதல் தரம்.

ஆளை அனுப்புவதற்குப் பதில் வரைபடத்தையே அனுப்பினால் என்ன? நெதர்லாந்து அந்த வழியில் போனது. 2008ல் வந்த சட்டப்படி, இயந்திரத்தால் தோண்டுகிற எவரும் முன்கூட்டி அறிவித்தாக வேண்டும். நில ஆவணத் துறை எல்லா நிறுவனங்களிடமிருந்தும் அந்த இடத்தின் வரைபடங்களைத் திரட்டித் தோண்டுபவரிடமே கொடுத்துவிடும். பிரிட்டன் ஒரு படி மேலே போய், பல நிறுவனங்களின் தரவை ஒரே திரையில் காட்டும் தேசியப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2023 மார்ச்சில் வந்த ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி, தோண்டப்போகும் இடத்தைச் சொன்னால் அங்கே சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. வரைபடம் வேகமானது, மலிவானது. ஆனால் சாலை இரண்டு முறை உயர்ந்த பிறகு ‘ஒரு மீட்டர் ஆழம்’ என்ற பழைய குறிப்புக்கு என்ன மதிப்பு? ‘வேப்பமரத்திலிருந்து நாலடி’ என்று எழுதியிருந்து மரமே இல்லாமல் போனால்? தவிர, ஒரு நகரத்தின் எல்லாக் கேபிள்களும் ஒரே கோப்பில் இருப்பது நாசவேலைக்காரருக்கும் வசதி என்பதால், யார் எவ்வளவு பார்க்கலாம் என்ற கட்டுப்பாடுகள் கூடவே வருகின்றன. வரைபடம் முதலில், சந்தேகம் உள்ள இடத்துக்கு ஆள் என்று இரண்டும் சேர்ந்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த முறையிலும் அடங்காத ஓட்டைகளும் உண்டு. மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் போகும் குழாய் நிறுவனத்துடையது இல்லை, அதைப் பெரும்பாலும் யாரும் குறிக்க மாட்டார்கள். சிலர் ஒரு தெரு தோண்ட ஊரையே வளைத்துக் கோரிக்கை போட்டுவைப்பார்கள், குறிக்கிற ஆட்களின் நேரமெல்லாம் அதில் போய், நிஜமாகத் தோண்டுகிற இடத்துக்கு அவர்கள் தாமதமாக வருவார்கள். பள்ளம் வெட்டாமல் கிடைமட்டமாகத் துளைபோட்டுக் குழாய் இழுக்கும் முறையில் இன்னொரு விபரீதம்: எரிவாயுக் குழாய் தற்செயலாகக் கழிவுநீர்க் குழாயின் நடுவே குறுக்காகப் புகுந்து போய்விடும். இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யும், யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால், வேர் வெட்டும் கருவியை உள்ளே விட்டுச் சுழற்றுகிறவர் வெட்டப்போவது எரிவாயுக் குழாயை. துளை போட்ட பிறகு பக்கத்துக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் இதற்கு இருக்கும் வழி.

புதிதாகப் பதிப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது, செலவும் குறைவு. பள்ளம் திறந்து கிடக்கும்போது குழாயின் இடத்தையும் ஆழத்தையும் துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அளந்து, அதே நாளில் பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது. திறந்த பள்ளத்தில் இது சில நிமிட வேலை. மண் போட்டு மேலே தார் ஊற்றிய பிறகு அதே தகவலைத் திரும்பப் பெற வேண்டுமானால் கருவி, ஆள், உறிஞ்சும் வண்டி, போக்குவரத்துத் தடுப்பு எல்லாம் தேவைப்படும். அப்படியிருந்தும் பல வேலைகளில் வடிவமைப்புக் காலத்துக் கோட்டையே ‘பதித்த இடம்’ என்று சேமித்துவிடுகிறார்கள், நடுவில் பாறை வந்து குழாயை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டது அந்தக் கோட்டில் இருக்காது.