பென்ஷன் இல்லாத பழைய ஜவானுக்கு மாதம் 8,000 ரூபாய்: எங்கெல்லாம் தட்டிக் கழிக்கிறார்கள்?

பட்டாளத்தில் இருந்தவர் என்றாலே பென்ஷன் வரும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது 15 வருடப் பணி வேண்டும். 1960களிலும் 70களிலும் சேர்ந்து, ஏழெட்டு வருடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் இன்று எழுபத்தைந்து, எண்பது வயதில் பைசா பென்ஷன் இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் காலமாகியிருந்தால் மனைவிக்கும் பென்யூரி கிராண்ட், அதாவது வறுமையில் இருப்பவர்களுக்கான மானியம் என்று ஓர் உதவி இருக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய். பணம் கொடி நாள் நிதியிலிருந்து வருகிறது, கொடுப்பது டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு, முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. பின்னணி இவ்வளவு போதும்.

தகுதி மூன்றுதான். 65 வயது ஆகியிருக்க வேண்டும், ராணுவப் பென்ஷன் எதுவும் வரக்கூடாது, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான ரேங்கில் வெளியே வந்திருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "நம்ம தாத்தாவுக்குக் கிடைக்கும்" என்று கிளம்புகிற பேரன்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாசலில் மாட்டிக்கொள்கிறான்.

முதல் சிக்கல் டிஸ்சார்ஜ் புக், பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற பணி விவரப் புத்தகம். அதன் எல்லாப் பக்கங்களையும் கேட்பார்கள். பாதி வீடுகளில் அது ட்ரங்குப் பெட்டியில், பாலித்தீன் கவருக்குள், பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போய்க் கிடக்கும். ஒரு பாட்டி அப்படிக் கொண்டுவந்ததை, "எழுத்தே தெரியலையே, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல போய் வேற வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜவான்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கிற அந்த ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். நேரில் போக வேண்டாம். சர்வீஸ் நம்பர், பெயர், ரேங்க், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம் எழுதி, இருக்கிற பக்கங்களின் ஜெராக்ஸை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புத்தகமே தொலைந்துபோயிருந்தால் சர்வீஸ் நம்பரைத் தேடுவதுதான் முதல் வேலை. பழைய மணியார்டர் ரசீது, குரூப் போட்டோவின் பின்பக்கம், கடிதம் என்று எதிலாவது இருக்கும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இங்கே கவனம்: நம் மாநில அலுவலகங்களுக்கு ஒட்டுகிற பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மத்திய அரசு அலுவலகத்துக்குச் செல்லாது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் திரும்பி வரும், ஒரு மாதம் வீண்.

அடுத்தது பெயர். பட்டாளப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார்கள், ஆதாரில் இனிஷியல் மாறி வேறு விதம், பாஸ்புக்கில் மூன்றாவது விதம். ஆதாரைத் திருத்தப் போகும்போது டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிற எழுத்துகளை அப்படியே பார்த்துத் திருத்துங்கள். புத்தகத்தை ஆதாருக்கு ஏற்ப மாற்றப் பார்க்காதீர்கள், அது வருடக்கணக்கில் இழுக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான். வயது தெரியாத பாட்டிகளுக்கு ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பாக ஒரு வருடம் போட்டிருப்பார்கள். எழுபது வயதுக்காரர் கணினியில் அறுபத்து மூன்றாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மனைவியின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத வீடுகள் நிறைய. வெளியே வந்த பிறகு கல்யாணம் ஆகியிருக்கும், யாரும் பதியச் சொல்லியிருக்க மாட்டார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் அவர் கையெழுத்தோடு முடியும். இறந்த பிறகு என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம் என்று தாசில்தார் ஆபீசுக்கும் நோட்டரிக்கும் அலைய வேண்டும். இறப்புச் சான்றில் கூப்பிடு பெயரைப் போட்டிருந்தால் அதைத் திருத்துவது இன்னொரு அலைச்சல்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிரவுசிங் சென்டரில் போடுகிறவர்கள் அவசரத்துக்குத் தங்கள் மெயிலையும் போன் நம்பரையும் கொடுத்துவிடுகிறார்கள். ஏதாவது குறை என்று போர்டு திருப்பி அனுப்பினால் தகவல் அந்தக் கடைக்குப் போகும். பெரியவர் வீட்டில் "இன்னும் டெல்லியிலேர்ந்து வரல" என்று காத்துக்கொண்டிருப்பார். வீட்டில் யாராவது ஒருவரின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். ஆன்லைனில் போட்டதோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அசல் ஆவணங்களோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்க்க வைக்க வேண்டும், அவர்கள் பரிந்துரைத்தால்தான் மேலே நகரும்.

பழைய பாஸ்புக்கை நம்பாதீர்கள். சிண்டிகேட் பேங்க் கனராவோடும், கார்ப்பரேஷன் பேங்க் யூனியன் பேங்கோடும் 2020இல் சேர்ந்துவிட்டன, பணம் அனுப்பத் தேவையான ஐஎஃப்எஸ்சி கோடு மாறிவிட்டது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் அதை மறைத்து எழுதக் கூடாது. இரண்டையும் வாங்க முடியுமா என்று முதலில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னால் அவர்களால் முடியாது.

"உங்க கேஸுக்கு வராது" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். முன்னாள் படைவீரர் யார் என்ற விளக்கமே வெளியே வந்த தேதியைப் பொறுத்து மாறும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது முழுதும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மறுப்பதானால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதேபோல, உடல்நிலை காரணமாக அனுப்பினோம் என்று டிஸ்சார்ஜ் புக்கில் இருந்தால் இந்த உதவியோடு நிறுத்த வேண்டாம். அவருக்கு ஊனப் பென்ஷன் வந்திருக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எண்பது வயதுக்காரர் தனியாகச் செய்ய முடியாது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கிற ஊர்களில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவராவது இருப்பார். டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்ததும் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரோடு கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊர் முழுக்கப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துவிடலாம். அசலை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, வீட்டிலேயே எடுங்கள். முடித்துத் தர இத்தனை ஆயிரம் என்று கேட்கிற புரோக்கரை உள்ளே விடாதீர்கள், இதற்குக் கட்டணமே கிடையாது.

பணம் வர ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வருடமும் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். பெரியவர் காலமானால் மனைவிக்குத் தானாக மாறி வராது. அவர் விதவை என்ற முறையில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் தாத்தாவின் ஃபைலைத் தயார் செய்கிற அன்றே பாட்டியின் ஆதார், வயதுச் சான்று, தனிக் கணக்கு பாஸ்புக் மூன்றையும் பார்த்துச் சரிசெய்து அதே கவரில் போட்டு வையுங்கள்.