சொல் விளக்கம்: வளர்சிதைமாற்றம்

'மெட்டபாலிசம்' கிரேக்கத்தின் 'மெடபோலே'யிலிருந்து வந்தது. மாற்றம் என்று பொருள். அதன் உள்ளே கிடக்கும் வினை 'எறி'. உயிரணுவில் நடக்கும் வேதிமாற்றங்களுக்கு அந்த வேரை 1839-இல் எடுத்தாண்டவர் ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வான்.

இலங்கைப் பாடநூல்கள் இதை அனுசேபம் என்கின்றன. ஆட்சேபத்தில் வரும் அதே சேபம். அதற்கும் எறிதல் என்றே பொருள். கிரேக்க வேருக்கு நெருக்கமான ஆக்கம். ஆனாலும் நான் தமிழகப் பாடநூல்களின் வளர்சிதைமாற்றத்தையே விரும்புகிறேன். எத்தகைய மாற்றம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது: சிறு மூலக்கூறுகளைக் கோத்துக் கட்டுவது வளர்மாற்றம், பெரியவற்றை உடைத்து ஆற்றல் எடுப்பது சிதைமாற்றம். சிலர் செரிமானம் என்று எழுதுகிறார்கள். அது தவறு, செரிமானம் குடலோடு முடிந்துவிடும்.

வளர்வதும் சிதைவதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குப் புற்றுநோய்ச் செல்லைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1920-களில் பெர்லினில் உயிர்வேதியியலாளர் ஆட்டோ வார்பர்க் ஒன்றைக் கவனித்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், புற்றுத் திசு குளுக்கோஸின் பெரும்பகுதியை முழுதாக எரிப்பதில்லை. லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகிறது. ஆற்றல் கணக்கில் இது பெருநட்டம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரித்தால் ஏறத்தாழ 30 ஏடிபி (செல் ஆற்றலைச் சுமந்து செலவிடும் மூலக்கூறு) கிடைக்கும். லாக்டிக் அமிலத்தோடு நிறுத்தினால் 2 மட்டுமே. செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் உலைகளான மைட்டோகாண்ட்ரியா பழுதானதே காரணம் என்று வார்பர்க் நம்பினார். பெரும்பாலான புற்றுச்செல்களில் அவை இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன என்பது பின்னாளில் தெரிந்தது.

பிறகு ஏன் இந்த நட்டம்? இரண்டாகப் பிரிய வேண்டிய செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது. டிஎன்ஏ, சவ்வு, புரதம் எல்லாம் இன்னொரு பங்கு வேண்டும். குளுக்கோஸ் உடையும் பாதையின் இடைப்பொருள்கள்தாம் டிஎன்ஏ கட்டத் தேவையான ரைபோஸ் சர்க்கரையாகவும், புரதத்துக்கான அமினோ அமிலமாகிய செரினாகவும் திருப்பிவிடப்படுகின்றன. நைட்ரஜனுக்குக் குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தையும் செல் ஏராளமாக இழுக்கிறது. முழுதாக எரித்துவிட்டால் கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும், கட்டுவதற்கு மிஞ்சாது. இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான்.

கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற பொருளை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன், இந்தக் குளுக்கோஸ் பசியைத்தான் படம்பிடிக்கிறது. அதற்காகச் சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்று நம்பிவிடக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடும்.

புற்றுச்செல்லின் இந்த மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மெட்டபாலிக் ரீபுரோகிராமிங்' என்பதை 'வளர்சிதை மறுசீரமைப்பு' என்று பெயர்க்கலாம்தான். ஆனால் 'சீர்' என்ற சொல் இங்கே ஒட்டவில்லை. சிதைவின் பாதையை வளர்ச்சியின் பக்கம் திருப்பிக்கொள்ளும் செயல் என்பதால் 'வளர்சிதைத் திசைமாற்றம்' என்றே எழுதி வருகிறேன்.