கரண்ட் போன இரவுகளைப் பிள்ளைகள் ஏன் மறக்கவில்லை?

இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களைப் பற்றிக் கொழும்பில் ஒரு தாயிடமோ தகப்பனிடமோ கேளுங்கள். எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா விலை, லிஃப்ட் நின்றுபோன தொடர்மாடியில் தண்ணீர்ப் போத்தலோடு ஏறிய படிகள் என்று ஒரு பெருமூச்சோடு வரும். பிள்ளைகளிடம் கேட்டால் கதை வேறு. "அப்பா எங்களோட கார்ட்ஸ் விளையாடினவர்." "பல்கனியில பாய் விரிச்சுப் படுத்தனாங்கள்." "அம்மம்மா பேய்க்கதை சொன்னவ."

வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பேசும்போது, வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது என் வழக்கம். இந்த மின்வெட்டு இரவுகள் அதில் அடிக்கடி வருகின்றன. அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ வீடுகளில் அந்த இருட்டு பசியோடும் சண்டையோடும் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவும் அப்படித்தான் நிற்கிறது. மற்ற வீடுகளில் நடந்தது என்ன? வைஃபை இல்லை, டிவி இல்லை. எல்லாரும் ஒரே விளக்கடியில். எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். ஆகவே பிள்ளைக்கு அது எதிர்பார்த்து இருக்கக்கூடிய நேரமாகிவிட்டது. சரி, அதைச் செய்துதர மின்சார சபையா வர வேண்டும்?

என்னிடம் வரும் பெற்றோர் பலர் நினைவு என்றால் நுவரெலியாப் பயணம், மண்டபம் எடுத்துச் செய்த பிறந்தநாள் என்று நினைக்கிறார்கள். மூன்று வயதுக்கு முந்திய தனிச் சம்பவங்கள் பெரியவர்களானபின் ஏறக்குறைய யாருக்கும் நினைவில் வருவதில்லை. முதலாம் பிறந்தநாளுக்குக் கடன் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம். திரும்பத் திரும்ப நடப்பதை மூளை வேறு விதமாக வைத்துக்கொள்கிறது. நூறு இரவுச் சாப்பாடும் தனித்தனியாக நிற்காது, 'எங்கள் வீட்டில் இரவில் இப்படித்தான்' என்ற ஒரே நினைவாகச் சேர்ந்துவிடும். வாசனை இதற்குக் கூடுதல் பலம், ஏனென்றால் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு அதற்கு நெருக்கமான தொடர்பு இருக்கிறது. புட்டு அவிகிற மணம் வந்ததும் அம்மம்மா வீட்டுக் குசினியில் போய் நிற்பது அதனால்தான்.

2002இல் பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், குடும்ப வழக்கங்கள் பற்றிய 50 வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு வேறுபாடு எனக்கு வேலையில் மிகவும் உதவுகிறது. ஒரு வழக்கம் வேலை முடிவதற்காக மட்டும் நடக்கலாம். அதே வழக்கம், 'நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம்' என்று சொல்வதாகவும் நடக்கலாம். பல் துலக்குவது முதல் வகை. பல் துலக்கும்போது அப்பா தினமும் அதே பழைய பகிடியை விடுகிறார் என்றால் அது இரண்டாவது.

கொழும்புப் பிள்ளைக்கு நேரம் எங்கே என்பார்கள். நியாயம்தான். விடிய ஆறு மணிக்கே ஸ்கூல் வான், ஒன்றரைக்குப் பள்ளி முடிந்தால் ரியூஷன், காலி வீதி நெரிசலைத் தாண்டி அப்பா வர ஏழரை. தரம் 5 புலமைப்பரிசில் வருடம் என்றால் வீடே பரீட்சை மண்டபம்தான். ஆகவே நான் கேட்பது பத்து நிமிடம் மட்டும். அதுவும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. ஏற்கெனவே நடப்பதில் ஒன்றைப் பிடியுங்கள். பாண், பனிஸ் விற்கும் சூன் பாண் ஓட்டோ 'ஃபர் எலிஸ்' இசையோடு தெருவுக்குள் வரும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கி, சனிக்கிழமை பனிஸைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். போயா லீவில் மரைன் டிரைவில் ஒரு நடை. ஞாயிறு தேங்காய் துருவும்போது முதல் பிடி பூ பிள்ளைக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் புள்ளி, பரீட்சை, பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றும் வாய்க்கு வரக்கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பு. சாப்பாட்டு மேசையில் தினமும் திட்டு நடந்தால் அங்கே வழக்கமாவது திட்டுத்தான். மனநிலை சரியில்லாத நாளில் விட்டுவிடுங்கள், குறைந்துபோக ஒன்றுமில்லை.

அப்புறம் பேச்சு. ரொபின் ஃபிவுஷ், இலெய்ன் ரீஸ் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய ஒன்று, நடந்ததைப் பற்றிப் பிள்ளையோடு விரிவாகப் பேசும் வீடுகளில் பிள்ளைகளின் நினைவுகளும் விரிவாக இருக்கின்றன என்பது. காலிமுகத்திடலுக்குப் போய்வந்து, "எங்கே போனோம்? என்ன சாப்பிட்டோம்? பட்டம் என்ன நிறம்?" என்று கேட்டால் அது வாய்மொழிப் பரீட்சை. பிள்ளை "இஸ்ஸோ வடை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். "பட்டம் அறுந்து கடலுக்கு மேலே போனதும் நீ கத்தினியே, அப்ப உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பிழையாகச் சொன்னாலும் திருத்த அவசரப்பட வேண்டாம். அதோடு உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள், நீங்களும்தானே அங்கே நின்றீர்கள்.

கத்தாரில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கும் இது பொருந்தும். அங்கே பகல் இரண்டரை என்றால் இங்கே மாலை ஐந்து. வழக்கமான வீடியோ கோலில் "படிச்சியா, சாப்பிட்டியா" முடிந்ததும் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பன் வெள்ளிக்கிழமைகளில் தன் கேம்ப் சமையலைக் காட்டுவார், மகள் அதற்குப் புள்ளி போடுவாள். கருகிய பருப்புக்குப் பத்துக்கு ஒன்று.

இன்னொரு விஷயம், இதெல்லாம் தாயின் தலையில் மட்டும் விழக்கூடாது. அப்பப்பா செய்யலாம், அண்ணா செய்யலாம். பத்து நிமிடத்துக்குக்கூட மனம் எழவில்லை, எதிலும் பிடிப்பில்லை, கிழமைக் கணக்கில் இப்படித்தான் இருக்கிறது என்றால் அந்தத் தாய்க்கு இன்னொரு வழக்கம் தேவையில்லை, உதவி தேவை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை ஒதுங்கத் தொடங்கும். அப்போது பெற்றோர் பலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வீட்டில் மகன் வருவதே இல்லை என்று ஞாயிறு புட்டை விட்டார்கள். அடுத்த கிழமை கோபப்பட்டவன் அவன்தான். இப்போது புட்டு மறுபடியும் நடக்கிறது, அவனும் போனோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். போனை வைக்கச் சொல்லட்டுமா என்று தாய் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம், மேசைக்கு வருகிறான்தானே என்றேன்.