கோல்டன் கிராஸ் தந்த லாபமா, சந்தை தந்த லாபமா?

50 நாள் நகரும் சராசரி (கடைசி 50 நாள் விலைகளின் சராசரி, தினமும் புதிதாகக் கணக்கிடுவது) 200 நாள் சராசரியை மேல்நோக்கி வெட்டினால் வாங்கு, கீழ்நோக்கி வெட்டினால் விற்று ஒதுங்கு. கோல்டன் கிராஸ் விதி இவ்வளவுதான். நிஃப்டி பங்குக் குறியீட்டின் பத்தாண்டுத் தரவில் ஓட்டிப் பார்க்கிறீர்கள், லாபம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விதியின் திறமையா, சந்தை பொதுவாக ஏறியதன் பலனா?

விலையை அப்படியே கணக்கில் போடக்கூடாது. இன்றைய விலை நேற்றைய விலையின் தோளில் ஏறி நிற்பது. இப்படிப்பட்ட இரண்டு தொடர்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாவிட்டாலும் நெருங்கிய தொடர்பு இருப்பதுபோல் தெரியும். புள்ளியியலாளர் உட்னி யூல் 1926-இலேயே இதைக் காட்டிவிட்டார். எனவே தினசரி வருவாயை, அதாவது விலை நேற்றைவிட எத்தனை சதவீதம் மாறியது என்பதை, எடுங்கள். டிவிடெண்ட் விடுபடாமல் இருக்க டோட்டல் ரிட்டர்ன் குறியீடு நல்லது.

விதி சொல்லும் நிலையைச் சிக்னல் என்போம்: வாங்கி வைத்திருந்தால் 1, விற்று ஒதுங்கியிருந்தால் 0. இன்றைய முடிவு விலையில் பிறந்த சிக்னலை நாளைய வருவாயோடுதான் பெருக்க வேண்டும். எக்செலில் ஒரு வரிசை மாறினால், சிக்னலைப் பிறப்பித்த அதே ஏற்றம் லாபமாகவும் எண்ணப்பட்டுவிடும். நம்ப முடியாத லாபம் வந்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இனிதான் உண்மையான சோதனை. 2,500 நாள் சிக்னலை ஒரு வளையம்போல் பாவித்து, ஏதோ ஓர் எண்ணிக்கை நாட்கள் சுழற்றுங்கள், வருவாயைத் தொடாதீர்கள். 100-க்கு 70 நாள் சந்தைக்குள் இருந்த சிக்னல் சுழற்றிய பிறகும் 70 நாள் உள்ளேதான் இருக்கும். பெரிய ஆட்டத்தைத் தொடர்ந்து பெரிய ஆட்டம் வரும் சந்தையின் குணமும் கலையாது. நேரப் பொருத்தம் மட்டுமே அறுபடும். நாட்களைச் சீட்டுக்கட்டுபோல் குலுக்கினால் அந்தக் குணம் போய்விடும், அதனால்தான் சுழற்றுகிறோம். 1,000 முறை சுழற்றி, அசல் லாபத்தை எத்தனை சுழற்சிகள் தாண்டுகின்றன என்று எண்ணுங்கள். 50-க்கு மேல் தாண்டினால் விதிக்குத் திறமை இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

தாண்டாவிட்டாலும் அவசரம் வேண்டாம். பத்தாண்டில் இத்தகைய வெட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்கள் 2,500 ஆனாலும் முடிவுகள் சிலவே. விதி ஆண்டுக்கு 4% கூடுதலாகத் தருகிறது, அந்தக் கூடுதலின் திட்ட விலக்கம் (ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் அளவு) 16% என்றால், இது வெறும் அதிர்ஷ்டமல்ல என்று சொல்ல உதவும் டி மதிப்பு, வழக்கமான எல்லையான 2-ஐத் தொட 64 ஆண்டு தரவு வேண்டும்.

பலரும் சறுக்குவது இன்னோர் இடத்தில்: 50/200 சரிவரவில்லை என்று 45/190, 20/100 என மாற்றிக்கொண்டே போவது. ஒன்றையொன்று சாராத, திறமையே இல்லாத 20 விதிகளை 5% அளவுகோலில் (மேலே சொன்ன 1,000-க்கு 50 தான்) சோதித்தால், ஒன்றாவது தேறிவிட 64% வாய்ப்பு உண்டு. முயன்ற விதிகள் எல்லாவற்றையும் ஒரே அளவு சுழற்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் முதலிடம் பிடித்த லாபத்தைக் குறியுங்கள். உங்கள் சிறந்த விதி அந்த முதலிடங்களோடுதான் போட்டியிட வேண்டும். பொருளியல் அறிஞர் ஹால்பர்ட் வைட்டின் ‘ரியாலிட்டி செக்’ முறைக்கும் அடிப்படை எண்ணம் இதுவே.

1992-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸின் 1897–1986 தரவில் 26 விதிகளைச் சோதித்து, அவற்றுக்குக் கணிப்புத் திறன் உண்டு என்றது. 1999-இல் சலிவன், டிம்மர்மன், வைட் மூவரும் 7,846 விதிகளை இந்த ‘ரியாலிட்டி செக்’ சல்லடையில் போட்டார்கள். 1986 வரை முதலிடத்தில் நின்ற விதி சல்லடையைத் தாண்டியது. அடுத்த பத்தாண்டுத் தரவில் அதே விதி எடுபடவில்லை.