கிழமையைச் சொல்லும் பெயர்கள்

பெயர் ஒருவருடைய குணத்தை மாற்றுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எண் கணித சோதிடர் சொன்னார் என்பதற்காக மகனின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டிக்கொண்ட உறவினர் குடும்பத்தைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார். இதை முறையாகச் சோதிப்பது எளிதன்று. பெற்றோரின் படிப்பு, வசதி, சாதி, சமயம், விருப்பம் எல்லாம் கலந்துதான் ஒரு குழந்தைக்குப் பெயர் அமைகிறது. ஆகவே பெயருக்கும் குணத்துக்கும் இடையே தொடர்பு ஒன்று தென்பட்டாலும், அது பெயரால் வந்ததா, பெயர் வைத்த குடும்பத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இந்தக் காரணிகள் எதுவும் நுழையாமல், தற்செயலாகவே பெயர்கள் பங்கிடப்படும் ஒரு சமூகம் இருந்தால்தான் சோதனை சாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் அப்படிப்பட்டவர்கள்.

கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் இம்மக்களிடையே குழந்தைக்கு முதலில் அமையும் பெயர் அது பிறந்த கிழமையின் பெயர். அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தியர் வழக்கின்படி ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் குவாசி, பெண் அகோசுவா. திங்களன்று பிறந்தவர்கள் குவாஜோ, அஜுவா. புதனென்றால் குவாகு, அகுவா. வெள்ளியென்றால் கோஃபி, அஃபுவா. சனியென்றால் குவாமே, அமா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இதேபோல் இணைப்பெயர்கள் உண்டு. 1900இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் படை திரட்டிய அசாந்தியரின் எஜிசு பகுதி அரசத்தாயான யா அசந்தேவாவின் பெயரிலுள்ள 'யா', அவர் வியாழக்கிழமை பிறந்தவர் என்பதைச் சொல்கிறது. பிறக்கும் கிழமைக்குரிய ஆன்மாவோடுதான் குழந்தை பிறக்கிறது என்பது நம்பிக்கை. மருத்துவமனை ஏட்டில் வேறு எந்தப் பெயர் ஏறினாலும் வீட்டில் இப்பெயர் நிலைத்திருக்கும்.

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்தவரின் முழுப்பெயர் கோஃபி அட்டா அன்னான். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவர். அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். அவர் 1938 ஏப்ரல் 8 அன்று இரட்டைச் சகோதரி எஃபுவாவோடு பிறந்தார், அன்று வெள்ளிக்கிழமைதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் புதிதாக எதையும் சொல்வதில்லை. முன்னுள்ள பதினொன்றும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. அக்கான் பெயரும் பிறந்த தேதிக்கு அப்படிப்பட்ட ஒரு சரிபார்ப்பு இலக்கம். யாரோ ஒரு தேதியை ஊகமாக எழுதிவைத்தால், அது பெயரோடு தற்செயலாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு ஏழில் ஒன்று. ஏழில் ஆறு பிழைகளைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் திருமுழுக்கு அளித்த கத்தோலிக்கப் பாதிரியார் பிறந்த தேதியை 1909 செப்டம்பர் 21 என்று பதிந்தார். அன்று என்ன கிழமை என்பதை ஒரு துண்டுத்தாளிலேயே கணக்கிடலாம். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை என்பது நமக்குத் தெரியும். அதிலிருந்து 37 நாள் கழித்து செப்டம்பர் 21; 37ஐ ஏழால் வகுத்தால் மீதி 2, எனவே அன்று ஞாயிறு. சாதாரண ஆண்டின் 365 நாளை ஏழால் வகுத்தால் மீதி 1 என்பதால், ஓர் ஆண்டு பின்னே போனால் கிழமையும் ஒன்று பின்னே போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு போகும். 1909க்கும் 1947க்கும் இடையே 38 ஆண்டுகள், அவற்றில் 9 லீப் நாள்கள். ஆக 47, ஏழால் வகுத்தால் மீதி 5. ஞாயிறிலிருந்து ஐந்து கிழமை பின்னோக்கி எண்ணினால் செவ்வாய். பெயரோ குவாமே, அதாவது சனி. பாதிரியார் எழுதியதற்கு மிக அருகிலுள்ள சனிக்கிழமை செப்டம்பர் 18.

அதோடு முடிந்துவிடவில்லை. மகன் பிறந்தது 1912 என்று நிக்ரூமாவின் தாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1909லிருந்து மூன்று ஆண்டுகள் முன்னே சென்றால், 1912 லீப் ஆண்டு என்பதால், கிழமை நான்கு நகரும்; செவ்வாய் சனியாகிவிடும். பாதிரியாரின் தேதியையும் தாயின் ஆண்டையும் சேர்த்து வைத்தால் பெயர் மறுப்புச் சொல்வதில்லை! இரண்டில் எது சரி என்று பெயரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏழின் மடங்குகளில் விழும் பிழை எதுவும் அதன் கண்ணில் படாது.

பெயர் பரம்பரையாக இறங்கத் தொடங்கினால் இந்தச் சோதனையும் பயனற்றுப்போகும். அன்னான் என்பது நான்காவதாகப் பிறந்த குழந்தைக்குரிய பெயர். ஆனால் கோஃபி அன்னானின் தந்தைக்கும் அதே குடும்பப்பெயர் இருந்ததால், அது மகனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கப்பல் முதலாளியாக உயர்ந்த பால் கஃபீ, அடிமையாகக் கொண்டுவரப்பட்ட தம் தந்தை கோஃபியின் பெயரைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டவர். அவர் பிறந்த 1759 ஜனவரி 17 புதன்கிழமை.

இனி வாசகரின் கேள்வி. பணக்காரருக்கும் ஏழைக்கும் குழந்தை எந்தக் கிழமையிலும் பிறக்கும் என்பதால், அக்கான் பெயர்கள் குடும்பப் பின்னணியைப் பொறுத்து அமைவதில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஊரார் ஒரு குணத்தைக் கற்பித்திருக்கிறார்கள்: திங்கட்கிழமைப் பையன் சாது, புதன்கிழமைப் பையன் முரடன். தந்திரத்துக்குப் பேர்போன நாட்டார் கதைச் சிலந்தியான அனான்சியின் முழுப்பெயரே குவாகு அனான்சி. 1954இல் உளவியலாளர் குஸ்டாவ் ஜஹோதா, கானாவின் குமாசி நகரச் சிறார் நீதிமன்றப் பதிவேடுகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்து முடிவை வெளியிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் குவாஜோக்கள் குறைவாகவும், வன்முறைக் குற்றங்களில் குவாகுகள் அதிகமாகவும் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு புதன்கிழமைக்கே ஏதோ சக்தி இருக்கிறது என்று கிளம்ப வேண்டாம். 'இவன் முரடன்' என்று நாளெல்லாம் கேட்டு வளரும் சிறுவன் அப்படியே ஆகக்கூடும் என்பது ஒரு விளக்கம். இரு சிறுவர்கள் ஒரே தவறைச் செய்தாலும் குவாகுவின் மீது மட்டும் ஊரார் புகார் கொடுத்திருக்கலாம் என்பது இன்னொன்று. நீதிமன்ற ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எதுவானாலும் இயங்குவது சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்புதான், எழுத்துகளின் கூட்டுத்தொகை அன்று. மகன் பெயரில் சேர்ந்த அந்த ஓர் எழுத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது. பெற்றோருக்கு மட்டும்தான் உண்டு, சோதிடருக்குக் கட்டணமும் உண்டு.

ஒரே ஒரு ஊரின் ஏட்டை வைத்து உறுதியாக எதையும் நிலைநாட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் வழக்கு உண்டு, ஆனால் கிழமைக் குணக்கதைகள் மறந்துபோயின என்ற நிலையிலுள்ள ஊர்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, அங்கே புதன்கிழமை வேறுபாடு மறைகிறதா என்று கவனிப்பதுதான் சரியான அடுத்த படி. அதற்கு ஆய்வுக்கூடமோ கருவியோ தேவையில்லை. பழைய பதிவேடுகளைக் கரையான் அரிப்பதற்கு முன் படியெடுத்துவைக்க ஆளும் சிறிதளவு பணமும் போதும். இத்தகைய வேலைக்கு நிதி கேட்டால், எந்த நாட்டிலும், விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாதது.