பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்

"நாம் அதிகம் நம்புவது நாடியை, அதுவோ பெரிய ஏமாற்றுக்காரன்." கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் லத்தீனில் எழுதிய ‘டி மெடிசினா’ என்ற மருத்துவ நூலில் வரும் கருத்து இது. சிவத்தல், வீக்கம், சூடு, வலி என்று அழற்சியின் நான்கு அடையாளங்களை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் ஒப்பித்தோமே, அதை எழுதியவரும் இவர்தான். இத்தனைக்கும் அவர் தொழில்முறை வைத்தியரா என்பதிலேயே அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை.

வெயில், குளியல், உடற்பயிற்சி, பயம், கோபம் எல்லாமே நாடியை முடுக்கிவிடும் என்கிறார் செல்சஸ். வைத்தியர் என்ன சொல்லப் போகிறாரோ என்ற கவலையே அதற்குப் போதுமாம். அதனால் அனுபவசாலியான வைத்தியர் வந்ததும் கையைப் பிடிக்க மாட்டார். சிரித்த முகத்தோடு உட்கார்ந்து, நலம் விசாரித்து, பயத்தைத் தணித்த பிறகே மணிக்கட்டைத் தொடுவார்.

நான் அப்படி இருக்கவில்லை. ஒருநாள் டோக்கன் தவறிவிடுமோ என்று மாடிப்படி ஏறி ஓடி வந்தார் ஒருவர். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு உடனே பிரஷர் கருவியின் பட்டையைக் கட்டினேன்: 168/100. மாத்திரையைக் கூட்டப் பேனாவை எடுத்தபோதுதான் அவருக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். சரி, உட்காருங்கள் என்று மகளின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தேன். அப்புறம் சட்டைக் கையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் 136/84.

செல்சஸிடம் இருந்தது விரல் மட்டும்தான். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி அறிமுகப்படுத்தியது 1896-இல். ஆனால் கருவியும் அதே கவலையைத்தான் அளக்கிறது. டாக்டரைக் கண்டதும் ஏறும் இந்த அழுத்தத்துக்கு ‘வெள்ளைக்கோட்டு ரத்த அழுத்தம்’ என்று பெயர்.

பிரஷர் பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அந்த ஐந்து நிமிடமும், பட்டை இறுகும்போதும் பேச வேண்டாம். செல்சஸின் நலம் விசாரிப்பெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வீட்டில் அளவு குறைவாக வருகிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதி வைத்த அளவுகளை டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது என் அறை வாசலில் நர்ஸ் எல்லோரையும் முதலில் உட்கார வைக்கிறார். "பஸ் போயிடும், சீக்கிரம் பாத்து அனுப்பிடுங்க டாக்டர்" என்ற குரல் உள்ளே வரை கேட்கும்.