ஜாக்கியில் தூக்கியதும் ஸ்பிரிங் தளர்ந்துவிடாது

பிக்கப்பின் உயரத்தைக் கூட்ட லிஃப்ட் ஷாக் (ஷாக் அப்சார்பர்) வாங்கி, லீவு நாளில் வீட்டு வாசலிலேயே மாட்டத் தொடங்கி, பாதியில் நின்றுபோன வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கடைசியாக வந்த ஒன்றில் முன் ஷாக்கின் நடு நட்டு மரையின் கடைசி மூன்று சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே குனிந்துதான் அதுவரை கழற்றியிருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருந்தால் தப்பு.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வி-கிராஸ் மாதிரி வண்டிகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்குள் ஷாக், பின்பக்கம் பிளேட் ஸ்பிரிங். முன் ஷாக்கின் தலையில் ஓரமாக மூன்று நட்டு, நடுவில் ஒன்று. ஓரத்து மூன்றும் மொத்த அசெம்பிளியை வண்டியோடு பிடித்திருக்கின்றன. நடு நட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. அசெம்பிளி வண்டியில் இருக்கும்போது நடு நட்டில் ஸ்பேனரே படக்கூடாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “ஜாக்கியில் தூக்கிட்டேனே, சக்கரம் தொங்குதே, எடையே இல்லையே, ஸ்பிரிங்கில் என்ன அழுத்தம் இருக்கப்போகுது?” எடை போனது உண்மைதான். ஆனால் ஷாக் முழுசாக நீண்டு நின்றாலும், ஸ்பிரிங்கின் சொந்த நீளம் அதைவிட அதிகம். கம்பெனியில் பூட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துத்தான் நடு நட்டைப் போடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ கேட்கும் ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ. ஜாக்கியில் தூக்கினாலும் அந்த 500 கிலோ அங்கேயே இருக்கும். அசெம்பிளியைக் கழற்றிக் கையில் எடுத்துத் தரையில் படுக்க வைத்தாலும் இருக்கும். ஷாக்கில் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போயிருந்தாலும், வண்டிக்குப் பத்து வயசானாலும் இருக்கும். செத்தது ஷாக், ஸ்பிரிங் அல்ல. அதைத் தடுத்து நிற்பது அந்த ஒரு நட்டு மட்டும்தான்.

லிஃப்ட் ஷாக்கில் இது இன்னும் கூடும். ஷாக் தானாக வண்டியைத் தூக்காது. ஸ்பிரிங் உட்காரும் தட்டு அதில் மேலே தள்ளி இருக்கும், உயரம் கிடைப்பது அதனால்தான். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் நடுவாக்கில் ஷாக் உட்காருவதால், தட்டு சுமார் 25 மி.மீ. ஏறினால் சக்கரத்தில் சுமார் 50 மி.மீ. உயரம் கிடைக்கும். புது ஷாக்கின் நீளம் பழையதுபோலவே இருந்தால், மேலே சொன்ன அதே ஸ்பிரிங்கை அந்த 25 மி.மீ. கூட அமுக்கித்தான் பூட்ட வேண்டும்; இன்னொரு 250 கிலோ. பழைய ஷாக்கைப் பிரித்த அதே கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) புதியதைப் பூட்டும்போது வழுக்குவது இதனால்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில் செய்யுங்கள், ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் நிலையான கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். அல்லது ஸ்பிரிங்கோடு பூட்டிய அசெம்பிளியாகவே வாங்கிவிடுங்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பின்பக்கம் வேறு ஏமாற்றம். பிளேட் ஸ்பிரிங் வண்டியில் நீளமான ஷாக் போட்டால் உயரம் ஏறாது. உயரம் வேண்டுமானால் பிளேட்டை மாற்றவோ கூட்டவோ வேண்டும். ஷாக் அந்த உயரத்துக்கு எட்டுவதற்கு மட்டுமே. பின் ஆக்சிலில் சுமையைப் பார்த்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியென்றால், உயரம் ஏறியதும் ‘பின்னால் சுமை இல்லை’ என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். சமதளமான சிமென்ட் தரை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டியைத் தூக்கியதும் சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். இடது வலது ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மைக் கீழே இறங்கவிடாது, அப்புறம் கடப்பாரையைத் தேடுவீர்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டின் கிளாம்பையும் விடுவியுங்கள். அப்பர் ஆர்மை நக்கிளோடு சேர்க்கும் அப்பர் பால் ஜாயின்ட்டைப் பிரித்தால், நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) கயிற்றால் சேஸிஸோடு கட்டுங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுவரும், இல்லையென்றால் பிரேக் ஹோஸ் மொத்த பாரத்தையும் தாங்கும்.

பின் ஷாக்கின் ராட் நுனியில் நட்டு உள்ள வண்டியென்றால், அதைக் கழற்றும்போது பளபளப்பான ராடை பிளையரால் பிடிக்காதீர்கள். அந்தக் கீறல் சீலை அறுத்து சீக்கிரமே எண்ணெய் கசியவைக்கும். ராடின் நுனியில் ஆலன் கீயோ சிறு ஸ்பேனரோ வைத்துப் பிடிக்க வழி இருக்கும். ஏர் கன் வைத்தாலும் ராட் சேர்ந்து சுற்றும், அதுவும் கெடுதல்தான்.

எல்லாரும் கோட்டை விடுவது அடுத்தது. ஷாக்கின் கீழ் போல்ட்டையும், ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் அதையும், சக்கரம் தொங்கும்போது முழு இறுக்கம் கொடுக்காதீர்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்க்கை நடத்தும், சில மாதத்தில் கிழியும். கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியை மேலும் கீழும் நாலு முறை அமுக்கி, அதன்பின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

முன்னால் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட், அப்பர் பால் ஜாயின்ட் இரண்டின் கோணமும் எல்லை தாண்டும், அப்பர் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் அமுக்கிப் பூட்டினால், ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுசாக நீண்டு ‘டக்’கென்று இடிக்கும்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட். ‘ஓட்டிப் பார்த்துட்டு அடுத்த வாரம்’ என்பவர்களின் டயர் ஓரம் ரம்பம்போல் ஆகிவிடுகிறது. ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராமல் சோம்பினால் காஸ்டரை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், எதிரே வருபவரின் கண் பாவம். இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாகம் வாங்குமுன் ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போடும்போது, உள்ளே கேஸ் அழுத்தம் இருக்கிறது, கட்டர் வைத்து அறுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.